தலைமடைக்கு 48 குடம், கடைமடைக்கு 10: செட்டிநாட்டு நகரக் குழாயில் பங்கு பிரியும் விதம்

காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் ஒரு தெருவுக்கு எத்தனை குடம் தண்ணீர் என்பதை மன்றத் தீர்மானம் முடிவு செய்வதாகத்தான் காகிதத்தில் இருக்கிறது. உண்மையில் அதைத் தீர்மானிப்பது தெருமுனைக் குழிக்குள் இருக்கும் வால்வு, அதைத் திருகும் சாவி, அந்தத் தெரு மேடா பள்ளமா என்ற மூன்றும்தான். இந்த ஆய்வு அந்தக் குழியிலிருந்து தொடங்குகிறது. தண்ணீர் எங்கே திரும்புகிறது, அதை எப்படி அளப்பது, அளந்த பிறகு யார் உட்கார்ந்து முடிவெடுப்பது என்பதே இதன் வரிசை. இடையில் வரும் வலயக் கணக்கு (ஒரு தொட்டி தண்ணீர் தரும் பகுதியே வலயம்) எந்த ஊரின் பதிவேட்டிலிருந்தும் எடுத்ததல்ல. விஷயம் விளங்குவதற்காக நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகள். குழாய் விட்டமும் நில மட்டமும் தெரிந்தால் எந்த வலயத்துக்கும் இதே கணக்கைப் போடலாம்.

கண்மாய்ப் பங்கும் ஊருணிப் பங்கும்

குழாய் வரும்வரை மழை தவிர வேறு ஆதாரம் இல்லாத சீமை இது. ஓட்டுச் சரிவில் விழுந்த மழை முற்றத்தில் இறங்கி அண்டாவிலும் கிணற்றிலும் சேர்ந்தது. தெருவில் ஓடியது வாய்க்கால் வழியாக ஊருணிக்கும் கண்மாய்க்கும் போனது. இரண்டும் நீர்நிலைதான் என்றாலும் பங்கு பிரித்த முறை வேறு. கண்மாய்த் தண்ணீர் நிலத்தோடு போகும்: எவ்வளவு வயல் இருக்கிறதோ அவ்வளவு முறை. அதைப் பார்த்துக்கொள்ள நீர்பாய்ச்சி என்றொரு ஆள் இருந்தார். அவருக்குச் சொந்த வயல் இல்லாமலிருப்பதே நல்லது என்று பல ஊர்களில் கருதினார்கள். தன் வயலுக்கு ஒரு நாழிகை கூட விட்டுவிடுவார் என்ற பயம்தான் காரணம். ஊருணித் தண்ணீரோ குடத்தோடு போகும். செம்பூராங்கல் படியில் இறங்கி மொள்ளுகிற கைக்கு எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு. செருப்போடு இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒன்று.

எல்லாருக்கும் என்று சொல்லும்போதே ஒரு திருத்தமும் வேண்டும். எல்லா ஊருணியிலும் எல்லாரும் இறங்க முடிந்ததில்லை. சாதி பார்த்துப் படித்துறை மறுக்கப்பட்டது; தனி ஊருணி ஒதுக்கப்பட்டது; அதுவும் இல்லாத இடத்தில் யாராவது மொண்டு ஊற்றும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊருணியைப் பொற்காலமாக வரைகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நகரக் குழாய் வந்தபோது இந்த இரண்டு முறையும் கலந்துவிட்டன. குடிப்பதற்கான தண்ணீர், ஆகவே தலைக்கு இவ்வளவு என்று பிரிய வேண்டும். ஆனால் இணைப்பு கொடுப்பது சொத்து வரி ரசீதைப் பார்த்து, அதாவது கட்டடத்துக்கு. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் பூட்டிய வீட்டுக்கும் ஓர் இணைப்பு. அதே தெருவில் ஒரே கூரையின் கீழ் வாடகைக்கு இருக்கும் மூன்று குடும்பங்களுக்கும் ஓர் இணைப்பு. சில வீடுகளுக்கு இரண்டு தெருவிலிருந்தும் குழாய் உண்டு. குடும்பத்தை அலகாக வைத்து எண்ணும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. நகரத்தார் கோயில் வரியை வீட்டின் அளவைப் பார்த்து விதிப்பதில்லை. திருமணமான குடும்பத்தை ஒரு புள்ளியாக எண்ணி விதிப்பார்கள். நகரக் குழாயில் அந்தப் புள்ளிக் கணக்கு இல்லாததிலிருந்தே பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

ஊற்றும் நீளக் குழாயும்

காரைக்குடிக்கு வாய்த்தது சம்பை ஊற்று. அந்தப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து ஏற்றிய தண்ணீர்தான் நகரை வளர்த்தது; ருசியில் அதற்கு இணை இல்லை என்பது ஊர்ப் பெருமை. ஊற்று ஊருக்குப் பொது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த நிலத்தடி நீரைப் பக்கத்து மனையில் ஆழமாகத் துளைத்து யாரும் எடுக்கலாம். தமிழ்நாடு 2003-ல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டத்தை 2013-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆதாரத்தில் கட்டுப்பாடு இல்லாதபோது குழாயில் மட்டும் நியாயம் தேடுவது பாதி வேலைதான். அந்தப் பெரிய பாதியை இங்கே விட்டுவிடுகிறோம்.

சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் பல ஊர்களுக்குத் திருச்சிப் பக்கத்திலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் உண்டு. அந்த நீளக் குழாயில் முன்னால் இருக்கும் ஊர் கூட எடுத்தால் பின்னால் இருக்கும் ஊருக்குக் குறையும். மாவட்ட அளவில் நடக்கும் இந்தத் தலைமடை (வாய்க்காலின் முதல் பாசனம்), கடைமடை (கடைசிப் பாசனம்) கதைதான் ஒவ்வொரு தெருக் குழாயிலும் சிறிய அளவில் நடக்கிறது. ‘கடைமடை’ என்ற வயல்காட்டுச் சொல் நகரத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு வலயம், ஒரு முறைத் தண்ணீர்

ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. அதிலிருந்து 140 மி.மீ. பி.வி.சி. பிரதானக் குழாய் 400 மீட்டர்; அதிலிருந்து பிரியும் 90 மி.மீ. கிளைக் குழாய்கள் மொத்தம் 600 மீட்டர். 80 வீடுகள், வீட்டுக்கு 4 பேர். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் திறப்பு. முதல் தெருவைவிடக் கடைசித் தெரு 5 மீட்டர் மேடு. எல்லா வீட்டுக்கும் அரை அங்குல இணைப்பு.

தண்ணீர் ஓடும்போது முதல் தெருவில் 9 மீட்டர் அழுத்தம் இருக்கிறது, அதாவது தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும். கடைசித் தெருவுக்கு வரும்போது மேட்டில் 5 மீட்டரும் குழாய் உராய்வில் ஏறக்குறைய 3 மீட்டரும் போய் 1 மீட்டர்தான் மிஞ்சும். குழாய் வாயில் வரும் தண்ணீர் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி மாறும். ஆகவே 9-க்கு 1 என்ற அழுத்தம், 3-க்கு 1 என்ற தண்ணீராகிறது: முதல் தெருவில் நிமிடத்துக்கு 12 லிட்டர், கடைசித் தெருவில் 4.

இதற்கு மேல் இன்னொரு நஷ்டம். இடைவெளி விட்டுத் திறக்கும் ஊர்களில் குழாய் ஒவ்வொரு முறையும் காலியிலிருந்து நிரம்ப வேண்டும். மேலே சொன்ன குழாய்களின் கொள்ளளவே ஏறக்குறைய 8,500 லிட்டர். அது நிரம்பும்போதே முதல் தெரு பிடிக்கத் தொடங்கிவிடும். கடைசித் தெருவில் முதல் 20 நிமிடம் காற்றுதான் சீறும். முதல் தெரு 60 நிமிடத்தில் 720 லிட்டர் பிடிக்கும். கடைசித் தெரு 40 நிமிடத்தில் 160 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 48-க்குப் பத்தரை.

இரண்டு நாளுக்கு நாலு பேர் என்று வகுத்தால் முதல் தெருவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 90 லிட்டர், கடைசித் தெருவில் 20. வலயத்தின் சராசரி 55. ஊரகக் குடிநீர் இணைப்புக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவும் 55 லிட்டர்தான். பாதாளச் சாக்கடை உள்ள நகருக்கான மத்திய வழிகாட்டு அளவு 135. அறிக்கையில் 55 என்று எழுதினால், குறைவுதான் ஆனாலும் பரவாயில்லை என்று தோன்றும். அந்த 55 லிட்டரில் குளிக்கிறவர் யாரும் அந்த வலயத்தின் இரு முனைகளிலும் இல்லை.

வால்வு மூடிய பிறகும் கதை முடிவதில்லை. குழாயில் நின்ற தண்ணீர் பள்ளத்து வீட்டுக் குழாய்களில் மெதுவாக இறங்கும். மேட்டுத் தெருவுக்கு அதிலும் பங்கு இல்லை. எல்லா ஊரிலும் தொலைவுதான் கடைமடை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. தொட்டிக்கு அடுத்த தெருவே மேடாக இருந்தால் அதுதான் கடைமடை. உயர்ந்த அடித்தளத்தின் மேல் கட்டிய பழைய வீட்டில் குழாயை மேலே வைத்திருந்தால், தெரு மட்டத்தில் குழாய் வைத்த எதிர்வீட்டைவிட அங்கே குறைவாகத்தான் வரும்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம்

10 லிட்டர் வாளி, கைபேசியில் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டுப் புத்தகம். தொட்டிக்கு அருகே இரண்டு வீடு, நடுவில் இரண்டு, கடைசியில் இரண்டு. வால்வு திறந்த நேரத்தை ஒருவர் வால்வுக் குழி அருகே நின்று எழுத வேண்டும். ஆறு வீட்டிலும் முதல் சொட்டு எப்போது வந்தது, 15-ஆம் நிமிடத்தில் வாளி நிரம்ப எத்தனை நொடி, 30-ல், 50-ல், கடைசிச் சொட்டு எப்போது. இப்படி ஐந்து முறைத் தண்ணீருக்குச் செய்தால் போதும். ஒரே நாள் அளவை வைத்து வாதம் செய்யக் கூடாது. அன்று எங்கோ குழாய் உடைந்திருக்கலாம், மின்சாரம் போய்த் தொட்டி அரைகுறையாக நிரம்பியிருக்கலாம்.

அழுத்தம் பார்க்க 0–7 கிலோ காட்டும் அழுத்தமானியை வாங்கிவிடுகிறார்கள். கடைசித் தெருவில் அதன் முள் அசையவே அசையாது. அங்கே இருப்பது 0.1 கிலோ (ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 10 மீட்டர்). 0–2.5 கிலோ மானி வேண்டும், அல்லது அதைவிட மலிவான வழி: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைக் குழாய் வாயில் இறுகப் பொருத்தி, மறுமுனையை மெல்ல மேலே தூக்குங்கள். எந்த உயரத்தில் தண்ணீர் வழிவது நிற்கிறதோ அதுதான் அந்த இடத்தின் அழுத்தம், மீட்டரில். தரைத்தளம் மட்டும் உள்ள கட்டடத்துக்குக் குறைந்தது 7 மீட்டர் வேண்டும் என்பது 1999 மத்தியக் கையேட்டின் வழிகாட்டு அளவு. இடுப்பு உயரத்திலேயே நின்றுபோகும் தண்ணீரை வார்டு மக்கள் கூடும் சபையில் காட்டினால், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தொட்டிப் பக்கமும் அளக்க வேண்டும். உள்விட்டம் 6.5 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறக்கம் என்றால் 332 லிட்டர். ஒரு முறைத் தண்ணீருக்கு 150 செ.மீ. இறங்கினால் 49,800 லிட்டர் போயிருக்கிறது. வீடுகளில் சேர்ந்தது 35,200. மீதி 14,600-ல் 8,500 குழாய் நிரம்பியது. ஏறக்குறைய 6,000 லிட்டர், அதாவது 12 சதவீதம், கசிவு அல்லது திருட்டு இணைப்பு. இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. மிதவை வால்வு இல்லாத தரைத்தொட்டிகள் நிரம்பி வழிந்து சாக்கடைக்குப் போவதும் இந்தக் கணக்கில் கசிவாகவே தெரியும். முதலில் அவற்றைத் தேடிவிட்டுத் தெருவைத் தோண்டுங்கள்.

குளோரின் அளவும் இதே நோட்டில் ஏற வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் ஒரு லட்சம் லிட்டருக்குப் போட 200 கிராம் குளோரின். 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 670 கிராம். திறந்த மூட்டையில் ஒரு மாதம் கிடந்த பவுடரில் அந்த வீரியம் இருக்காது. தொட்டிக்கு அருகே மட்டும் சோதித்து ‘சரி’ போடும் வழக்கம், அளவிலும் கடைமடையை விட்டுவிடுவதுதான்.

பிரித்துத் திறந்தால் என்ன ஆகும்

பலரும் சொல்லும் முதல் தீர்வு, தலைமடை வால்வைப் பாதி மூடுவது. அது வேலை செய்வதில்லை. ஸ்லூயிஸ் வால்வில் (கதவு ஏறி இறங்கும் வால்வு) முதல் சில திருகலிலேயே பெரும்பகுதித் தண்ணீர் வந்துவிடும். பாதி மூடினாலும் ஓட்டம் பெரிதாகக் குறையாது. கடைசி இரண்டு திருகலுக்குள் கட்டுப்படுத்தப் பார்த்தால் கதவு அதிர்ந்து அது அமரும் இருக்கை தேய்ந்து, பிறகு முழுதாக மூடவே மூடாது. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் துளைத்தகடு (நடுவில் சிறு துளையுள்ள தகடு) வைக்க வேண்டும் அல்லது அதற்கான பட்டர்ஃப்ளை வால்வு வேண்டும்.

நேரத்தைப் பிரிப்பது நடைமுறைக்கு ஏற்றது. தலைமடைக் கிளைகளுக்குத் தனி வால்வு இருக்க வேண்டும். நம் வலயத்தில் மூன்று நான்கு 80 மி.மீ. வால்வும் குழிகளும்தான் செலவு. முதலில் அவற்றை மூடிவிட்டுக் கடைமடை 40 வீட்டுக்குத் திறக்கிறோம். பாதிப் பேர்தான் பிடிக்கிறார்கள் என்பதால் ஓட்டம் பாதியாகும். உராய்வு நஷ்டம் பாதியாகாது, ஏறக்குறைய கால்வாசியாகும். 3 மீட்டர் போனது 0.8 ஆகிறது. கடைசித் தெருவின் அழுத்தம் 1-லிருந்து 3.2 மீட்டருக்கு ஏறுகிறது; குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் வந்த இடத்தில் 7.2 வரும். 75 நிமிடம் திறந்தால், குழாய் நிரம்பும் 15 போக 60 நிமிடத்தில் 432 லிட்டர். அதன் பிறகு கடைமடையை மூடி, தலைமடைக்கு 35 நிமிடம். குழாய் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் காத்திருப்பு இல்லை. 12 வீதம் 420 லிட்டர். இரு பக்கமும் ஏறக்குறைய 28 குடம்.

தொட்டியிலிருந்து போன தண்ணீர் கூடவில்லை. வால்வு திறக்கிறவரின் வேலைதான் 60 நிமிடத்திலிருந்து 110 ஆகிறது. அந்த 50 நிமிடத்துக்குக் கூலி யார் தருவது என்று எழுதாத திட்டம் இரண்டு மாதத்தில் பழையபடி திரும்பிவிடும். இந்த வேலையைச் செய்கிறவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி, ஒரே காலையில் பல வால்வுகளைத் திருகுகிறவர். சைக்கிள் மிதித்து அடுத்த வலயத்துக்குப் போக வேண்டியவரிடம் 50 நிமிடம் கூட நில் என்றால், நிற்க மாட்டார். குறை அவரிடம் இல்லை.

சண்டை வரும் இடமும் இதுதான். “ஒரு மணி நேரம் வந்துச்சு அண்ணே, இப்ப அரை மணி நேரமாக் குறைச்சுட்டீங்க” என்று தலைமடைத் தெரு எழும். நிமிடத்தில் பேசினால் அவர்கள் சொல்வது சரி. குடத்தில் பேசினால்தான் 48-ம் பத்தரையும் மேசைக்கு வரும். ஆகவே சபையில் நேரப் பட்டியலை முதலில் வைக்காதீர்கள், வாளிக் கணக்கை வையுங்கள். தலைமடைக்கு 48 குடம் 28 ஆகிறது என்பதை மறைக்கவும் கூடாது. மறைத்தால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பிறகு எந்த அளவையும் நம்ப மாட்டார்கள்.

திறக்கும்போது முதல் இரண்டு மூன்று திருகலில் நிறுத்தி, காற்று வெளியேறிய பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால் நீரடி (ஓடும் தண்ணீர் திடீரென மோதும் அதிர்வு) விழுந்து பழைய ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்) குழாயின் இணைப்பு விட்டுப்போகும். அடைபட்ட காற்று வீட்டு மீட்டரையும் சுழற்றும். மீட்டர் வைத்துக் கட்டணம் வாங்கும் திட்டம் வந்தால், காற்றுக்கும் காசு கட்டப்போவது மேட்டுத் தெருதான். கிளையின் உச்சியில் காற்று வால்வு வைக்காமல் மீட்டர் பொருத்துவதை ஏற்கக் கூடாது.

மோட்டார், பள்ளம், தரைத்தொட்டி

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். அரை எச்.பி. மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுத்தால் கடைமடை வீடுகள் ஏழின் தண்ணீர் அதில் போகிறது. அதைவிட மோசம், குழாய்க்குள் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போய், விரிசல் வழியாகச் சாக்கடையை உள்ளே இழுக்கும். தெருவில் மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஆனால் மோட்டார் பறிமுதல் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். அழுத்தம் இல்லாத கடைசித் தெருவில்தான் மோட்டார் அதிகம். தண்ணீர் ஏறாததால் வாங்கினார்கள். முதல் தெருவில் மோட்டார் தேவையில்லை. தரைக்குக் கீழே 5,000 லிட்டர் தொட்டி கட்டி, அரை அங்குலத்துக்குப் பதில் ஒரு அங்குலக் குழாய் போட்டுவிட்டால் சத்தமில்லாமல் அதே வேலை நடக்கும். ஒரு அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு அரை அங்குலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சத்தம் போடும் திருட்டைப் பிடித்து, சத்தம் போடாததை விட்டுவிடும் சோதனை ஜனநாயகத்துக்கு எந்த உதவியும் செய்யாது. சரியான வரிசை: முதலில் தலைமடையில் இணைப்பு அளவைச் சரிபார்ப்பது, பிறகு நேரத்தைப் பிரிப்பது, கடைமடையில் அழுத்தம் ஏறியதை அளந்து காட்டுவது, அதன் பிறகு மோட்டாரைக் கழற்றச் சொல்வது.

பள்ளம் தோண்டிக் குழாயைத் தாழ்த்துவதும் அப்படித்தான். மூன்றடிப் பள்ளத்தில் குடம் வைத்துப் பிடிக்கும் ஆச்சிக்கு அது ஒரு மீட்டர் கூடுதல் அழுத்தம்; கடைசித் தெருவில் ஒரு மீட்டர் என்றால் இருப்பது இரட்டிப்பாகிறது. மழை பெய்தால் அந்தப் பள்ளம் நிரம்பிக் குழாய் வாய் மூழ்கும். தெருவில் எங்காவது மோட்டார் இழுத்தால் அந்த அழுக்கு நீர் உள்ளே போகும்.

ஒரே கட்டணம், வெவ்வேறு விலை

இணைப்புக்கு மாதம் 100 ரூபாய் என்று ஒரே கட்டணம் வைத்துப் பாருங்கள். மாதத்தில் 15 முறை. தலைமடை வீடு 10,800 லிட்டர் பெறுகிறது. ஆயிரம் லிட்டர் 9 ரூபாய் 26 காசு. கடைமடை வீடு 2,400 லிட்டர். ஆயிரம் லிட்டர் 41 ரூபாய் 67 காசு. நாலரை மடங்கு. பற்றாததற்கு 20 லிட்டர் கேன் வாங்கினால், கேன் 30 ரூபாய் என்றாலும் ஆயிரம் லிட்டர் 1,500 ரூபாய். கட்டணத்தை ஏற்றுவதா கூடாதா என்ற விவாதம் எப்போதும் நடக்கிறது. ஒரே கட்டணத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் இந்த ஏற்றத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பொதுக்குழாயை எடுத்துவிட்டு ‘எல்லா வீட்டுக்கும் இணைப்பு’ என்று அறிவிக்கும்போதும் ரசீது இல்லாத குடிசையும் வாடகைக் குடித்தனமும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. கடைசி வீட்டில் நிமிடத்துக்கு 7.2 லிட்டர் வருகிறது என்று அளந்து எழுதும்வரை பொதுக்குழாயைத் தொடக் கூடாது.

யார் உட்காருவது

ஏரியை மேற்பார்க்க வாரியம் அமைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுக்கும் விதி இருக்கிறது. அதில் இரண்டு விதிகளை இன்றைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது, ஒருமுறை இருந்தவர் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும். கால் வேலி நிலம் வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும் என்ற மற்ற விதிகள், அது யாருடைய சபை என்பதைச் சொல்லிவிடுகின்றன.

இன்றைய சட்டத்தில் இடம் இருக்கிறது. 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-ஆவது அட்டவணையில் குடிநீர் வழங்கல் நகராட்சிகளுக்குரிய பணி. வார்டு குழுக்களை அரசமைப்பு கட்டாயமாக்குவது 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களுக்குத்தான். காரைக்குடி 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1.07 லட்சம். அந்த இடைவெளியை நிரப்பியது தமிழ்நாட்டின் 2022 விதிகள். வார்டு குழுவும் அதற்குக் கீழே பகுதி சபையும் வந்தன. 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடின. குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்களே 2000-களில் ‘கூடம்’ என்ற பெயரில் மேல் கீழ் பார்க்காமல் வட்டமாக உட்கார்ந்து பேசும் முறையைத் தங்களுக்குள் கொண்டுவந்ததும் உண்டு. செட்டிநாட்டு வளவு (முற்றம் சூழ்ந்த) வீட்டுக் கூடம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

ஆனால் பகுதி சபையில் ‘தண்ணீர் சரியாக வரவில்லை’ என்று பத்துப் பேர் பேசினால் பத்து மனு எழுதப்படும், அவ்வளவுதான். ‘இந்த வலயத்தில் கடைமடை வால்வு காலை 5.30-க்கு முதலில் திறக்கப்பட வேண்டும், 75 நிமிடம். தலைமடை அதன் பின் 35. மூன்று மாதம் கழித்து ஆறு வீட்டு அளவை இதே சபையில் படிக்க வேண்டும்’ என்று எழுதினால் அது தீர்மானம். நிறைவேறியதா இல்லையா என்று சொல்லக்கூடிய வாக்கியமாக அது இருக்க வேண்டும்.

வலயத்துக்கு ஒன்பது பேர் போதும். தெருவாகப் பிரித்துக் குடவோலை எடுத்து, கடைமடைக்கு நாலு, நடுவுக்கு மூன்று, தலைமடைக்கு இரண்டு. பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஒருவராவது வாடகைக்கு இருப்பவர், பொதுக்குழாய் இருந்தால் அங்கே பிடிப்பவர் ஒருவர். பூட்டிய வீட்டு உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தபடி வாட்ஸ்அப்பில் வாக்களிக்க முடியாது; வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அங்கே குடியிருந்தால் அவர் பெயர் குடத்தில் உண்டு. வால்வு திறக்கிறவருக்கு வாக்கு வேண்டாம், பேச்சுரிமை கட்டாயம் வேண்டும். எந்த வால்வு மூடவில்லை, எந்தத் தெருவில் கூடுதல் இணைப்பு என்பதை அவரைப்போல அறிந்தவர் இல்லை. கூட்டம் மாலை ஆறு மணிக்கு வேண்டாம். அந்த நேரத்தில் வருவது ஆண்களாகவே இருக்கும்.

குலைந்துபோகும் விதமும் பழகியதுதான். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), அறுபதாம் கல்யாணம் என்று பூட்டிய வீடு திறக்கும்போது நூற்றுக்கணக்கானவர் வருவார்கள். வால்வைக் கூடக் கொஞ்ச நேரம் திறந்துவைக்கச் சொல்லி ஒரு கைபேசி அழைப்பு வரும். ‘கூடாது’ என்று விதி எழுதினால் மறைவாக நடக்கும். அதைவிட, விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பு எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, லாரித் தண்ணீரைத் தரைத்தொட்டியில் இறக்கிக்கொள்ள வழி வைக்கலாம். வலயத்தின் முறைத் தண்ணீரில் கைவைக்க வேண்டியிருக்காது. அடுத்தது மின்வெட்டு. தொட்டி பாதிதான் நிரம்பியது என்றால் அன்றைக்கு யாருக்கு இல்லை? வயல்காட்டில் விட்ட முறை அடுத்த முறையில் முதலில் வரும். இங்கேயும் அதையே எழுதிவைக்கலாம்: இன்று தவறிய தெரு, நாளை மறுநாள் முதல் தெரு. கோடைக் குறைப்பு விதியை மாசியிலேயே முடிவு செய்ய வேண்டும். சித்திரையில் கூடினால் குடத்தோடு மறியல்தான் நடக்கும்.

சேர்ந்த ஊர்கள்

2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் உள்ளிட்ட ஊராட்சிகளும் உள்ளே வந்தன. ஊராட்சியில் இருந்தவர்களுக்குக் கிராம சபை இருந்தது. வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டம், அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். இணைந்த நாளில் அது போய்விட்டது. ஊராட்சிக்கென்று ஒரு தொட்டி, அதற்கென்று ஓர் ஆள், குறைவான கட்டணம் என்றிருந்த இடத்தில் இனி நகரத்து அமைப்பு. ஆளுக்கு 55 லிட்டர் கணக்கில் போட்ட குழாயில் 135 லிட்டர் கட்டணத்தை வாங்க முடியாது. இணைந்த ஒவ்வொரு ஊரிலும் பழைய தொட்டியின் கொள்ளளவு, குழாய் விட்டம், வால்வு இருக்கும் இடம் ஆகியவற்றை வரைபடமாக்கி அந்தப் பகுதி சபையில் ஒட்டிய பிறகே கட்டணம் பேச வேண்டும். பழைய ஆப்பரேட்டர் ஓய்வு பெற்றுவிட்டால் எந்தப் புளியமரத்தடியில் வால்வு புதைந்திருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது.

ஒவ்வொரு வால்வுக் குழிக்கும் எண் எழுதுங்கள். முழுதாக மூட எத்தனை திருகல் என்று எண்ணி மூடியின் உட்பக்கம் பெயிண்டில் குறியுங்கள். வால்வுக்கு வால்வு அது மாறும். தெருமுனைப் பலகையில் ஆறு கட்டம் போதும்: தேதி, திறந்த நேரம், மூடிய நேரம், தொட்டி மட்டம் முன்னும் பின்னும், கடைசிக் குழாயில் குளோரின், கையெழுத்து. சாவி இரண்டு, ஒன்று வால்வு திறக்கிறவரிடம், மற்றது உறையிட்டு அலுவலகத்தில். மூன்றாவது சாவியைப் பட்டறையில் அடித்துக்கொடுக்க அரை நாள்தான் ஆகும் என்பதால், குழி மூடிக்குப் பூட்டும் வேண்டும்.